சிப்பில் எழுதும் உரிமை யாரிடம்? ஃபர்ம்வேர் பாதுகாப்பு: வாசகர் கேள்வி பதில்

ரவுட்டர், கேமரா, பம்ப் கன்ட்ரோலர், துணை மின்நிலையத்துத் தகவல்தொடர்புப் பெட்டி என எதைத் திறந்தாலும் உள்ளே பலகையில் ஒரு ஃபிளாஷ் சிப் இருக்கும். கரண்ட் கொடுத்ததும் சாதனம் முதலில் படிப்பது அதில் எழுதியிருக்கும் ஃபர்ம்வேரை, அதாவது சாதனத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளைத்தான். கணினியில் போட்டிருக்கும் ஆன்டிவைரஸுக்கு அந்த இடம் எட்டாது. அதனால் எந்தக் கேள்வி வந்தாலும் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்தச் சிப்பில் எழுத எத்தனை வழிகள் இருக்கின்றன, அவை யார் கையில் இருக்கின்றன?

மதுரை வாசகர்: வீட்டு ரவுட்டர் வழியாக வங்கித் தளத்தைத் திறந்தால் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று பிரௌசர் எச்சரிக்கிறது. மொபைல் டேட்டாவில் சரியாக வருகிறது. பின்பக்கத் துளையில் ஊசி விட்டு ரீசெட் செய்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே தொல்லை. ரீசெட் செய்தும் ஏன் போகவில்லை?

எச்சரிக்கையை மீறி ‘தொடர்க’ பட்டனை அழுத்திவிடாதீர்கள். இப்போதைக்கு உங்கள் பணத்தைக் காப்பது அந்த எச்சரிக்கைதான். ரவுட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) முகவரியை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. வங்கியின் பெயரைச் சொல்லி வழி கேட்டால், அது தங்கள் சர்வருக்கு வழிகாட்டும்படி செய்திருப்பார்கள்.

வீட்டு ரவுட்டரின் ஃபிளாஷ் பெரும்பாலும் 8 அல்லது 16 எம்பிதான். தொடக்கத்தில் ரவுட்டரை எழுப்பும் பூட்லோடர், அடுத்து இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல், பிறகு படிக்க மட்டுமே முடிகிற கோப்புத் தொகுதி, கடைசியில் உங்கள் அமைப்புகள். ரீசெட் துடைப்பது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும். ஃபர்ம்வேரில் ஓட்டை இருந்தால் ரீசெட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். பாஸ்வேர்டும் ஃபேக்டரியில் வைத்ததற்கே திரும்பிவிடும். வந்தவன் அதே வாசல் வழியாக மறுபடி வருகிறான், அவ்வளவுதான். 2016இல் பரவிய மிராய் என்ற தீங்கு நிரல் இப்படித்தான் இயங்கியது. அது ரேமில் மட்டுமே தங்கும், ஆஃப் செய்து ஆன் செய்தால் அழிந்துவிடும். ஆனால் டெல்நெட் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) திறந்திருக்கும் சாதனங்களைத் தேடி, அறுபத்துச் சொச்சம் ஃபேக்டரி பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து, சில நிமிடங்களில் திரும்ப நுழைந்துவிடும். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் தாக்கப்பட்டபோதும் பாஸ்வேர்டு மாற்றப்படாதவைதான் மாட்டிக்கொண்டன.

2018 மே மாதம் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீங்கு நிரல் வேறு ரகம். 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் அது இருந்தது. அதன் முதல் அடுக்கு ரீஸ்டார்ட்டையும் தாங்கியது. உங்களுக்கு இரண்டு நாள் கழித்துத் திரும்பியதைப் பார்த்தால் மிராய் வகை மறு நுழைவுதான் என்று நினைக்கிறோம்.

செய்ய வேண்டியது இது. ரவுட்டரிலிருந்து இன்டர்நெட் கேபிளைக் கழற்றுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண்ணோடு ஹார்டுவேர் பதிப்பும் இருக்கும். ஒரே மாடலின் இரண்டாம் பதிப்பிலும் மூன்றாம் பதிப்பிலும் உள்ளே வேறு வேறு சிப் இருக்கலாம், ஒன்றுக்கானதை மற்றதில் ஏற்றினால் ரவுட்டர் செத்துவிடும். பதிப்பைக் குறித்துக்கொண்டு, மொபைல் டேட்டாவில் தயாரிப்பாளர் தளத்திலிருந்தே ஃபர்ம்வேரை இறக்குங்கள். தளத்தில் ஷா-256 எண் (கோப்பின் கைரேகை போன்றது) தந்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண் டவுன்லோடு பழுதாகவில்லை என்பதை மட்டுமே சொல்லும். கோப்பு உண்மையில் தயாரிப்பாளருடையதுதானா என்பதை ரவுட்டர் சரிபார்க்கும் டிஜிட்டல் கையொப்பம்தான் சொல்லும்.

வைஃபையில் ஏற்றாதீர்கள், லேன் கேபிள் போடுங்கள். ரவுட்டரையும் கணினியையும் யுபிஎஸ்ஸில் செருகுங்கள். எழுதும்போது கரண்ட் போனால் கெர்னல் பாதியில் நிற்கும். பூட்லோடர் தப்பியிருந்தால், ரீசெட்டை அழுத்தியபடி ஆன் செய்து டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக மீட்க முடியும். அதுவும் போனால் சிப்பை வெளியிலிருந்து புரோகிராம் செய்ய வேண்டியதுதான்.

ஏற்றி முடிந்ததும் ரீசெட் செய்து, புது பாஸ்வேர்டு வைத்து, ரிமோட் மேனேஜ்மென்ட்டையும், தானாகப் போர்ட் திறக்கும் யுபிஎன்பியையும் அணையுங்கள். டிஎன்எஸ் முகவரியை வேன் (இன்டர்நெட் இணைப்பு) பக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள் பலர். டிஹெச்சிபி (வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி தரும்) பக்கத்திலும் ஒரு டிஎன்எஸ் கட்டம் இருக்கிறது, அதையும் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகே இன்டர்நெட் கேபிளைச் செருகுங்கள். தயாரிப்பாளர் அப்டேட்டை நிறுத்திவிட்ட மாடல் என்றால் இதெல்லாம் தற்காலிகம்தான், புதிது வாங்கிவிடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: காற்றாலைப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். உக்ரைன் போர் தொடங்கிய அன்று ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் தொடர்பிழந்தன என்று படித்தேன். எங்கள் காற்றாலைகளும் மோடம் வழியாகத்தான் கன்ட்ரோல் ரூமோடு பேசுகின்றன. இங்கேயும் நடக்குமா?

நடக்கலாம். குறி காற்றாலையாக இருக்க வேண்டியதுகூட இல்லை.

2022 பிப்ரவரி 24 அன்று தாக்கப்பட்டது வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவை. தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு விபிஎன் கருவி வழியாகத் தாக்குதல்காரர்கள் நிர்வாக நெட்வொர்க்குக்குள் நுழைந்தார்கள். மோடம்களைப் பராமரிக்க நிறுவனம் வைத்திருந்த அதே கட்டளை வசதியைக்கொண்டு பல்லாயிரம் மோடம்களின் ஃபிளாஷில் முக்கியத் தரவுகள் மேல் குப்பையை எழுதினார்கள். ஆய்வாளர்கள் அதற்குப் பயன்பட்டதாகக் கண்ட நிரலுக்கு ஆசிட்ரெயின் என்று பெயரிட்டார்கள். மோடத்தில் இருக்கும் சேமிப்புப் பகுதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மேலெழுதிவிட்டு ரீஸ்டார்ட் செய்யும், அதன் பிறகு மோடம் எழுந்திருக்காது. இழந்ததை ஈடுகட்ட நிறுவனம் கிட்டத்தட்ட 30,000 புது மோடம்களை அனுப்ப வேண்டியிருந்தது. எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள் அதே சேவையில் இருந்ததால் தொலைக் கண்காணிப்பை இழந்தன.

காற்றாலைகள் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தானியங்கி முறையில் தொடர்ந்து மின்சாரம் தந்தன. ஒவ்வொரு காற்றாலையின் கன்ட்ரோலரும் தன் பாட்டுக்கு முடிவெடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் பண்ணையில் தொடர்பு அறுந்தால் கன்ட்ரோலர் என்ன செய்யும்? ஓடிக்கொண்டிருக்குமா, சில நிமிடங்களில் நிறுத்திக்கொள்ளுமா? இது ஓர் அமைப்பு மட்டுமே. காற்று குறைந்த ஒரு நாளில் ஒரே ஒரு காற்றாலையின் மோடம் கேபிளைக் கழற்றிச் சோதித்துவிட்டால் தெரிந்துவிடும். பொறுப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் மட்டும் செய்யாதீர்கள்.

அதற்கடுத்து, இரண்டு வழித் தொடர்பு. ஃபைபர் ஒன்று, 4ஜி ஒன்று என்றால் போதாது. இரண்டு மோடமும் ஒரே தயாரிப்பு, ஒரே ஃபர்ம்வேர் என்றால் ஒரே கட்டளையில் இரண்டும் போகும், வேறு வேறு தயாரிப்பாக இருக்கட்டும். பத்து மோடத்துக்கு ஒன்றாவது, உங்கள் அமைப்புகள் ஏற்றப்பட்டு, பெட்டியில் கரண்ட் இல்லாமல் கிடக்க வேண்டும். கரண்டில் இருக்கும் உபரியும் சேர்ந்தே சாகும்.

சேவை தரும் நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஃபர்ம்வேரை எல்லா மோடம்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப ஒரு ஆள் போதுமா? முதலில் நூற்றில் ஒன்றுக்கு அனுப்பி, ஒரு நாள் பொறுத்து, இரண்டாவது ஆள் ஒப்புதல் தந்தபிறகே மீதிக்கு என்பது நல்ல நடைமுறை. 2023 அக்டோபர் 25 முதல் 27 வரை, 72 மணி நேரத்துக்குள், அமெரிக்காவில் ஓர் இன்டர்நெட் நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் மீட்க முடியாதபடி செத்தன. அவற்றுக்குப் புது ரவுட்டர் மாற்ற வேண்டியதாயிற்று. கிராமப்புற வீடுகள் பல அந்தச் சேவையைத்தான் நம்பியிருந்தன.

ஈரோடு வாசகி: ஃபர்ம்வேரை அழித்தே ஓர் ஊரை இருட்டாக்க முடியுமா?

இருட்டாக்குவதைவிட, இருட்டை நீட்டிக்கத்தான் அது அதிகம் உதவும். உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்தது இதுதான். மூன்று மின்விநியோக நிறுவனங்களின் ஆபரேட்டர் கணினிகளைத் தாக்குதல்காரர்கள் தொலைவிலிருந்தே இயக்கி, துணை மின்நிலையங்களின் பிரேக்கர்களைத் திறந்தார்கள், அதாவது மின்பாதையைத் துண்டித்தார்கள். சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. இதுவரை ஃபர்ம்வேருக்கு வேலை இல்லை.

பிறகு அவர்கள் கைவைத்தது சீரியல்-ஈதர்நெட் மாற்றிகளில். துணை மின்நிலையத்தில் பழைய ஆர்டியு (தொலைக் கட்டுப்பாட்டு) கருவிகள் ஆர்எஸ்-232 அல்லது ஆர்எஸ்-485 கம்பியில் பேசும், கன்ட்ரோல் சென்டரோ நெட்வொர்க்கில் பேசும். நடுவில் மொழிபெயர்ப்பது உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று. டின் ரெயிலில் மாட்டி, இரண்டு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும். அதன் வெப் பக்கத்திலேயே ஃபர்ம்வேர் ஏற்றும் பட்டன் உண்டு. வருவது யாருடைய கோப்பு என்று பழைய மாடல்கள் சரிபார்ப்பதில்லை. அப்படிப்பட்ட பெட்டிகளில் கெட்ட ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு ஆபரேட்டர் ‘மூடு’ என்று கட்டளை கொடுத்தாலும் பிரேக்கருக்குப் போய்ச் சேராது. ஊழியர்கள் வண்டியெடுத்துப் போய்க் கையால் மூடினார்கள். 1 முதல் 6 மணி நேரத்தில் மின்சாரம் திரும்பிவிட்டது. தொலைக் கட்டுப்பாடு முழுதாகத் திரும்ப நெடுநாள் ஆனது.

கையால் மூடத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. தானியங்கியாகிவிட்டது என்று சொல்லி லைன்மேன்களைக் குறைக்கும் எந்த நிர்வாகமும் இந்த ஒரு சம்பவத்தைப் படிக்க வேண்டும். மாற்றிகளைப் பொறுத்தவரை: சொத்துப் பட்டியலில் ஏற்றுங்கள், வெப்பையும் டெல்நெட்டையும் அணையுங்கள், ஃபர்ம்வேர் ஏற்றும் வழியைக் கன்ட்ரோல் சென்டரின் ஒன்றிரண்டு ஐபி முகவரிக்கு மட்டும் திறந்துவையுங்கள். அமைப்புக் கோப்பின் நகல் நெட்வொர்க்கில் இல்லாத பென்டிரைவில் இருக்கட்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: குடிநீர் ஏற்று நிலையத்தில் மோட்டாரை இயக்கும் பிஎல்சி கன்ட்ரோலர் வைத்திருக்கிறோம். போனிலிருந்து மோட்டாரை ஆன், ஆஃப் செய்ய ஒப்பந்தக்காரர் சிம் மோடம் போட்டுக் கொடுத்தார். பயப்பட வேண்டுமா?

சிம்முக்குப் பொது ஐபி முகவரி வாங்கியிருந்தால், ஆம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் அலிகிப்பா நகர் நீர் வாரியத்தில் 2023 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். நீரழுத்தம் கூட்டும் நிலையத்தில் இருந்த யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி கைப்பற்றப்பட்டது. அந்த வகைக் கருவிகள் 20256 என்ற போர்ட்டில் இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்திருந்தன, ஃபேக்டரி பாஸ்வேர்டு 1111. ஊழியர்கள் உடனே கைமுறைக்கு மாற்றியதால் குடிநீர் விநியோகம் கெடவில்லை.

முதலில் ஒப்பந்தக்காரரிடம் பொது முகவரியை ரத்து செய்து தனி ஏபிஎன் (பொது இன்டர்நெட்டில் சேராத மொபைல் பாதை) கேளுங்கள், அல்லது மோடத்திலேயே விபிஎன் போடச் சொல்லுங்கள். பிஎல்சிக்கு நேராக வெளியிலிருந்து எந்தப் போர்ட்டும் திறந்திருக்கக் கூடாது. பிஎல்சியை இயக்கும் லேடர் புரோகிராமின் கோப்பு உங்கள் கையில் இருக்கிறதா? பல இடங்களில் ஒப்பந்தக்காரரின் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. அவர் வராத நாளில் பிஎல்சி கெட்டால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. கேட்டு வாங்கி, ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணோடு சேர்த்து வையுங்கள். பதிப்பு மாறினால் பழைய கோப்பு ஏறாமல் போவதுண்டு.

அடுத்தது பிஎல்சியின் முகப்பில் இருக்கும் சாவி. ரன் நிலையில் திருப்பி, சாவியை உருவி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுக்கும்படி வையுங்கள். 2017இல் சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையின் டிரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கன்ட்ரோலரில் டிரைட்டன் என்ற நிரல் புகுந்தது. ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்த வேண்டிய கருவி அது, அதன் நினைவகத்தில் இருந்த ஃபர்ம்வேரிலேயே கைவைத்தது. சாவி ‘புரோகிராம்’ நிலையிலேயே விடப்பட்டிருந்ததால்தான் அதை எழுத முடிந்தது. உங்கள் பிஎல்சியில் சாவி இல்லை, மென்பொருளில்தான் ரன் நிலை என்றால் அந்தப் பூட்டை நம்ப வேண்டாம், பாஸ்வேர்டும் நெட்வொர்க் தடுப்பும்தான் காப்பு. மோட்டார் பேனலில் ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதை மாதம் ஒருமுறை ஆபரேட்டரே திருப்பிப் பார்க்கட்டும்.

திருப்பூர் வாசகர்: கம்பெனியில் 16 கேமரா. வீட்டிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து கொடுத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன், போதுமா?

போதாது. 2021 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2021-36260 என்ற ஓட்டையில், ஹிக்விஷன் கேமராக்களுக்குள் நுழைய பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. வெப் பக்கத்துக்கு ஒரு கோரிக்கை அனுப்பினாலே ரூட் (முழு நிர்வாக) அதிகாரம் கிடைத்தது. எந்தத் தயாரிப்பிலும் நாளை இப்படி ஒன்று வரலாம். எனவே போர்ட் திறப்பை மூடிவிட்டு, ரவுட்டரில் வயர்கார்டு விபிஎன் போட்டுப் பாருங்கள். கேமராக்களும் என்விஆரும் (பதிவுப் பெட்டி) தனி விலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) இருக்கட்டும், பில் போடும் கணினியோடு ஒரே சுவிட்சில் வேண்டாம். அந்த விலேனிலிருந்து வெளியே போக நேரம் காட்டும் சர்வருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அப்டேட்டை நீங்கள் இறக்கிக் கையால் ஏற்றுங்கள்: முதலில் என்விஆர், பிறகு ஒரு கேமரா, ஒரு வாரம் பார்த்துவிட்டு மீதி. எல்லாவற்றையும் ஒரே இரவில் ஏற்றினால், பதிவு ஓடாத கேமரா எது என்று திருட்டு நடந்த பிறகுதான் தெரியும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கான கட்டாயப் பாதுகாப்புச் சோதனை விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் வந்த பழைய சரக்கு தள்ளுபடி விலையில் கிடைக்கும், அந்த விலைக்கு ஆசைப்படாதீர்கள்.

சிங்கப்பூர் வாசகி: ரவுட்டர் பெட்டியில் சைபர் பாதுகாப்பு முத்திரை இருக்கிறது. நம்பலாமா?

நம்பலாம், எந்த நிலை என்று பார்த்து. 2020 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நான்கு நிலைகள். முதல் நிலை, எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு இல்லை, அப்டேட் கிடைக்கும் என்ற அடிப்படையைச் சொல்கிறது. நான்காவது நிலைக்குச் சோதனைக்கூடத்தில் உள்ளே புகுந்தும் பார்த்திருப்பார்கள். முத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் பாருங்கள்.

சேலம் வாசகர்: 2,000 ரூபாய்க்கு ‘எல்லா சேனலும் இலவசம்’ என்று ஆண்ட்ராய்டு டிவி பெட்டி கிடைக்கிறது.

வாங்காதீர்கள். பேட்பாக்ஸ் என்ற நிரல் பெயரில்லாத இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் பரவியது. பல பெட்டிகளில் கடைக்கு வரும் முன்பே ஏறியிருந்தது. அதன் இரண்டாம் அலை 2025இல் வெளிப்பட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாதனங்கள் அதில் இருந்தன. ஃபர்ம்வேரிலேயே இருப்பதால் ரீசெட்டில் போகாது. வேறொருவர் செய்யும் மோசடி உங்கள் வீட்டு இன்டர்நெட் வழியாகப் போகும். ஏற்கெனவே இருந்தால், பிளே ஸ்டோரில் ‘பிளே புரொடெக்ட் சான்று’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கழற்றி வைத்துவிடுங்கள்.

சென்னை வாசகர்: லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் வருகிறது. ‘ஓடுவதைத் தொடாதே’ என்கிறார் நண்பர்.

பயாஸ் என்பது லேப்டாப்பின் ஃபர்ம்வேர். பத்து ஆண்டுகளுக்கு முன் அது சரியான அறிவுரை. 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் ஓட்டைகளில், ஆன் செய்ததும் தெரியும் நிறுவன லோகோ படத்தின் இடத்தில் திட்டமிட்டுப் பழுதாக்கிய படத்தை வைத்தே, ஆன் ஆகும்போது கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்டைத் தாண்ட முடிந்தது. திருத்தம் பயாஸ் அப்டேட்டில்தான் வரும். தவிர, செக்யூர் பூட்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களுக்கு 2026 ஜூன் முதல் காலாவதி என்பதால், புதியவை ஏறியிருக்க வேண்டும். செய்யும் முன், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஆன் செய்ததும் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

யாழ்ப்பாண வாசகி: இறுதியாண்டு மாணவி. பழைய ரவுட்டர் ஒன்றின் ஃபர்ம்வேரை எடுத்து ஆராய விருப்பம். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் சொந்தப் பழைய ரவுட்டர் என்பதால் தாராளமாகத் தொடங்கலாம். அதில் கண்ட ஓட்டையை மற்றவர் ரவுட்டரில் முயன்றால் இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பாயும்.

பலகையில் எட்டுக் கால் கொண்ட சிப்பைத் தேடுங்கள், பெயரில் 25 என்ற எண் இருக்கும். 25கியூ64 என்றால் 64 மெகாபிட், அதாவது 8 எம்பி. ஒரு மூலையில் புள்ளி இருப்பது முதல் கால். எட்டுக் கால் கிளிப், சிஎச்341ஏ புரோகிராமர், ஃபிளாஷ்ராம் மென்பொருள் ஆகியவை போதும். மலிவான கறுப்புப் பலகை புரோகிராமர்களில் ஒரு கோளாறு உண்டு: சிப்புக்கு 3.3 வோல்ட் தந்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் போகும். மல்டிமீட்டரால் அளந்து பார்த்துவிட்டே மாட்டுங்கள். சில சிப்கள் 1.8 வோல்ட்டில் இயங்குபவை, அவற்றுக்கு இடையில் மட்டம் குறைக்கும் அடாப்டர் வேண்டும். டேட்டாஷீட்டைப் பார்க்காமல் கரண்ட் கொடுக்க வேண்டாம்.

ரவுட்டரின் அடாப்டரைக் கழற்றிவிட்டுப் படியுங்கள். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பின் ஷா-256 எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அளவு சரியாக 83,88,608 பைட் இருக்க வேண்டும். எண்கள் வேறுபட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான்: நீங்கள் சிப்புக்குக் கொடுக்கும் 3.3 வோல்ட் பலகை வழியாகப் பிராசசருக்கும் போகிறது. அதுவும் அரைகுறையாக விழித்துக்கொண்டு அதே கம்பிகளில் பேசத் தொடங்குகிறது. பிராசசரின் ரீசெட் காலைத் தரையோடு இணைத்துப் பிடியுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் சிப்பைக் கழற்றிப் படிக்க வேண்டும்.

கிடைத்த கோப்பை பின்வாக் (binwalk) என்ற ஆய்வு மென்பொருளில் போடுங்கள். முதலில் என்ட்ரோபி (தரவின் சீரற்ற தன்மை) வரைபடம். தொடக்கம் முதல் கடைசி வரை 1க்கு ஒட்டியே ஓடினால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். இடையிடையே பள்ளம் இருந்தால் பகுதி பகுதியாகப் பிரிக்கலாம். ஸ்குவாஷ்எஃப்எஸ் (சுருக்கிய கோப்புத் தொகுதி) பகுதியைப் பிரித்ததும் உள்ளே ஒரு சின்ன லினக்ஸ் இருக்கும். ஷாடோ கோப்பில் ரூட் பாஸ்வேர்டின் ஹாஷ் (மறைத்த வடிவம்) இருக்கிறதா? இருந்தால் அந்த மாடல் விற்ற அத்தனை பெட்டியிலும் அதே ஹாஷ்தான். பிரைவேட் கீ கோப்புகள் கிடக்கின்றனவா? தொடக்க ஸ்கிரிப்டுகளில் டெல்நெட் சர்வர் ஓடுகிறதா? பிஸிபாக்ஸ், ஓபன்எஸ்எஸ்எல் பதிப்புகள் எந்த ஆண்டுக்குரியவை? கடைசியாக, அப்டேட் ஏற்றும் நிரலைத் தேடுங்கள். அது கையொப்பத்தைச் சரிபார்க்கிறதா, வெறும் சிஆர்சி கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறதா என்பதுதான் உங்கள் ஆய்வறிக்கையின் முக்கியப் பக்கமாக இருக்கும். சிஆர்சியை யார் வேண்டுமானாலும் திரும்பக் கணக்கிட்டு எழுதிவிடலாம்.

பலகையில் வரிசையாக நான்கு துளை இருந்தால் அது யுஏஆர்டி என்ற சீரியல் தொடர்பு இடமாக இருக்கலாம். 3.3 வோல்ட் யுஎஸ்பி அடாப்டரில் தரை, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்றை மட்டும் இணையுங்கள், டிஎக்ஸ்ஸை ஆர்எக்ஸுக்கு மாற்றிப் போட வேண்டும். விசிசி துளையைத் தொடாதீர்கள். வேகம் 115200, எழுத்து குழம்பினால் 57600. ஆன் செய்ததும் பூட்லோடர் பேசுவது திரையில் ஓடும்.

ஓட்டை எதையாவது கண்டால் தயாரிப்பாளருக்கு எழுதி, இலங்கை சர்ட் (சைபர் அவசர உதவி) நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மாடல், ஹார்டுவேர் பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு, திரும்பச் செய்து பார்க்கும் படிகள் ஆகிய நான்கும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.